தரையைத் தொடும் கார்களும் குண்டும் குழியுமான சாலைகளும்

ஒரு கார் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும்? கேட்பதற்கு மிகச் சாதாரணமான கேள்வி. ஆனால் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இந்த ஒரு கேள்விக்காகச் சட்டம் போட்டார்கள், அபராதம் விதித்தார்கள், தெருக்களை மூடினார்கள். கடைசியில் 2023-ல் அந்தச் சட்டத்தை அவர்களே நீக்கினார்கள். இடையில் 65 ஆண்டுகள் ஓடிவிட்டன!

இந்தக் கதையின் நாயகன் 'லோரைடர்' என்று அழைக்கப்படும் கார். பெரும்பாலும் பழைய, நீளமான அமெரிக்க கார். அதன் ஸ்பிரிங் உயரத்தைக் குறைத்து, வயிறு தரையை உரசும் அளவுக்கு இறக்கி, மின்னும் வண்ணம் பூசி, நடப்பவரை விடக் கொஞ்சம் வேகமாக ஓட்டிக்கொண்டு போவார்கள். இதை வளர்த்தவர்கள் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள், அதாவது சிக்கானோக்கள். 'தாழ்வாக, மெதுவாக' என்பதுதான் அவர்களுடைய தாரக மந்திரம்.

சாலை முழுக்கப் பள்ளம் இருக்கும்போது காரை எதற்குத் தாழ்த்த வேண்டும், இது வீண் வம்பு அல்லவா என்று எவருக்கும் தோன்றும். அந்தக் கேள்விக்கு விடை காருக்குள் இல்லை, சாலையின் வரலாற்றில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் தேவைப்பட்டது உயரம்

1904-ல் அமெரிக்க அரசு முதன்முறையாகத் தன் நாட்டுச் சாலைகளைக் கணக்கெடுத்தது. கிராமப்புறங்களில் இருந்த பொதுச் சாலைகள் சுமார் 21 லட்சம் மைல். அவற்றில் கல்லோ சரளையோ போட்டுச் செப்பனிடப்பட்டவை ஏறத்தாழ 1,53,000 மைல் மட்டுமே. அதாவது நூறு மைல் சாலையில் ஏழு மைல்தான் ஓரளவு சாலை. மீதியெல்லாம் வெறும் மண். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் வண்டித்தடம் விழுந்த பள்ளம்.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி கார் இந்தச் சாலைகளுக்காகவே பிறந்தது போல இருந்தது. உயரமான சக்கரங்கள், குறுக்காக வைத்த லீஃப் ஸ்பிரிங், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே தாராளமான இடைவெளி. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலும் வண்டி வளைந்து கொடுத்து மேலேறிவிடும். 1927 வரை இந்த ஒரே மாடலில் 1 கோடியே 50 லட்சம் கார்கள் விற்றன. அதன் வெற்றிக்கு மலிவான விலை ஒரு காரணம் என்றால், மோசமான சாலையைத் தாங்கும் உயரம் இன்னொரு காரணம் எனலாம்.

பிறகு சாலைகள் மாறத் தொடங்கின. 1916-லும் 1921-லும் வந்த மத்திய அரசுச் சட்டங்கள் சாலை போட மாநிலங்களுக்குப் பணம் கொடுத்தன. 1923-ல் கலிஃபோர்னியா ஒரு காலன் பெட்ரோலுக்கு 2 சென்ட் வரி போட்டது. சாலையைப் பயன்படுத்துகிறவரே அதன் செலவையும் தர வேண்டும் என்பதுதான் இந்த வரியின் தத்துவம். யார் காரில் ஊற்றினாலும் வரி ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கம்பெனி தாழ்த்தினால் முன்னேற்றம்

சாலை சமமானதும் கார்கள் கீழே இறங்க ஆரம்பித்தன. தாழ்ந்த காருக்குப் புவியீர்ப்பு மையமும் தாழ்வு. வளைவில் சாயாது, பார்க்கவும் அழகு. 1948 மாடலாக வந்த ஹட்சன் காரில் தரைப்பலகையையே சட்டத்தின் நடுவே தாழ்வாக அமைத்தார்கள். மற்ற கார்களில் மேலே ஏறி உட்கார வேண்டும், இதிலோ கீழே இறங்கி உட்கார வேண்டும்! ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், அமெரிக்க காரை நீளமாக்குவதும் தாழ்வாக்குவதுமே தன் முக்கிய நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னவர். 1950-களின் விளம்பரங்களில் 'இன்னும் நீளம், இன்னும் தாழ்வு, இன்னும் அகலம்' என்பதே பேச்சு.

1956-ல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம், நாடு முழுக்க 41,000 மைல் நீளத்துக்கு அதிவேகச் சாலைகளுக்கு வழி செய்தது. காரைத் தாழ்வாகச் செய்யலாம், சாலை அதைத் தாங்கும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருந்தது.

எல்லோருக்கும் என்றா சொன்னோம்? அங்கேதான் சிக்கல்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிழக்கே பாயில் ஹைட்ஸ், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய பகுதிகளில் மெக்சிகோ வம்சாவளி மக்கள் அதிகம் வாழ்ந்தார்கள். புதிய அதிவேகச் சாலைகள் பல இந்தப் பகுதிகளின் நடுவே அறுத்துக்கொண்டு போயின. வீடுகள் இடிக்கப்பட்டன, தெருக்கள் இரண்டு துண்டாயின. புறநகரிலிருந்து நகரத்துக்கு வேகமாகப் போகிறவர்களுக்கு அது வசதி. அங்கேயே குடியிருந்தவர்களுக்கோ தலைக்கு மேல் ஓடும் இரைச்சல். அவர்களுடைய வாழ்க்கை கீழே இருந்த உள்ளூர்த் தெருக்களில்தான் நடந்தது.

டிக்கியில் மணல் மூட்டை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தத் தெருக்களில் இளைஞர்கள் பழைய கார்களை வாங்க ஆரம்பித்தார்கள். புது மாடல் வருடா வருடம் வந்ததால் பழைய ஷெவர்லே கார்கள் மலிவாகக் கிடைத்தன. அதே காலத்தில் வேறு இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி எஞ்சினை முடுக்கிப் பந்தயம் ஓட்டினார்கள். இவர்கள் அதற்கு நேர் எதிர். வேகம் வேண்டாம், அழகு போதும். கடந்து போகும் கார் அல்ல, எல்லோரும் நின்று பார்க்கும் கார்.

காரை இறக்க அவர்கள் கையாண்ட முதல் வழி மிக எளிமையானது. டிக்கியில் மணல் மூட்டையோ சிமெண்ட் மூட்டையோ வைப்பார்கள். பாரத்தில் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அடுத்த வழி காயில் ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு சுற்றுகளை வெட்டி எடுப்பது. இது நிரந்தரம்.

ஆனால் இதற்கு விலை உண்டு. ஸ்பிரிங்கின் வேலையே சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அந்த அதிர்ச்சியை உள்வாங்குவதுதான். ஆடுவதற்கு ஐந்தாறு அங்குல இடம் இருந்த இடத்தில் ஒன்றிரண்டு அங்குலம் மட்டும் விட்டால் என்ன ஆகும்? சின்னப் பள்ளத்தில் சக்கரம் விழுந்தாலும் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, இரும்போடு இரும்பு மோதும். அந்த அடி நேராக வண்டியின் சட்டத்துக்கும் ஓட்டுகிறவரின் முதுகெலும்புக்கும் போகும். பள்ளத்தின் விளிம்பில் ஆயில் சம்ப் இடித்து உடைந்தால் எஞ்சின் ஆயில் முழுக்கத் தெருவில் கொட்டிவிடும். சைலன்சர் பிடுங்கிக்கொண்டு போவதும் சகஜம்.

சாலையில் பள்ளம் எப்படி உண்டாகிறது என்பதும் இங்கே முக்கியம். தார்ச் சாலையின் மேல் முதலில் மெல்லிய விரிசல் விடும். அதன் வழியே மழைநீர் இறங்கி அடியில் உள்ள மண்ணையும் ஜல்லியையும் நெகிழச் செய்யும். மேலே வண்டிகள் ஓட ஓட, பிடிமானம் இல்லாத தார் உடைந்து பெயர்ந்துவிடும். விரிசலை அடைக்க ஆகும் செலவு கொஞ்சம். அடைக்காமல் விட்டுப் பள்ளமானபின் சரிசெய்ய ஆகும் செலவு பல மடங்கு. ஆக, ஒரு தெருவில் உள்ள பள்ளம் என்பது அந்தத் தெருவை எத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை என்பதற்கான கணக்கு.

இப்படிப்பட்ட தெருவில் உயரம் குறைத்த காரை ஓட்டுவது தனிக் கலை. எந்த முனையில் எந்தப் பள்ளம் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது நேராக ஏறக் கூடாது, சாய்வாகப் போய் ஒரு சக்கரம் ஏறிய பின்பே அடுத்த சக்கரத்தை ஏற்ற வேண்டும். பள்ளத்தைத் தவிர்க்க முடியாவிட்டால் பிரேக்கை அழுத்தியபடி இறங்கக் கூடாது. பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு இன்னும் தாழும். முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு மெல்ல உருள விட வேண்டும். டிக்கியில் பாரம் இருந்தால் இன்னும் நிதானம் தேவை.

'மெதுவாக' என்ற மந்திரத்துக்கு இன்னொரு பொருள் இங்கேதான் புரிகிறது. மெதுவாகப் போனது பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. அந்தத் தெருவில் அந்தக் காரை வேறு எப்படியும் ஓட்ட முடியாது.

உரிமையாளர் தாழ்த்தினால் குற்றம்

இந்த நிலையில்தான் சட்டம் வந்தது. 1958 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த அந்த விதி, பின்னர் வாகனச் சட்டத்தின் 24008-ஆம் பிரிவாக அறியப்பட்டது. காரின் மூல வடிவமைப்பை மாற்றி, சக்கரம் தவிர்த்த எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்பை விடத் தாழ்வாக இருக்கும்படி செய்து ஓட்டினால் அது குற்றம் என்றது.

இதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓடும்போது டயர் வெடித்தால் கார் ரிம்மின் மேல் உட்காரும். வண்டியின் அடிப்பாகம் ரிம்மை விடத் தாழ்வாக இருந்தால் அது தரையில் இடித்துக் கட்டுப்பாட்டை இழக்கலாம். பாதுகாப்பு என்று பார்த்தால் சரிதான்.

ஆனால் 'மூல வடிவமைப்பை மாற்றி' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலை வருடா வருடம் காரை இறக்கினால் அது புது மாடல். அதே காரை வாங்கியவன் தன் வீட்டு வாசலில் இறக்கினால் அபராதச் சீட்டு. போலீஸ்காரர் ஒரு காரை நிறுத்துவதற்கு அளவுகோல் ஒன்றே போதும் என்றாகிவிட்டது. எந்தத் தெருக்களில் எந்த இளைஞர்களின் கார்கள் அதிகம் நிறுத்தப்பட்டன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்த இளைஞர்களுக்கு இரண்டு எதிரிகள். தெருவில் பள்ளம், முனையில் போலீஸ். இரண்டுக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான்: நினைத்த நேரத்தில் கார் உயர வேண்டும், நினைத்த நேரத்தில் தாழ வேண்டும்.

விமானத்திலிருந்து வந்த விடை

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பார்கள். ரான் அகிரே என்ற கலிஃபோர்னியா இளைஞருக்கு ஆயுதமானது பழைய விமான உதிரிபாகம். அவருடைய கார்வெட் கார் மிகத் தாழ்வாக இருந்ததால் அடிக்கடி அபராதம் கட்ட வேண்டியிருந்தது. 1959-ல் அவர் தன் தந்தையின் துணையோடு, விமானங்களில் பயன்பட்ட ஹைட்ராலிக் பம்புகளையும் சிலிண்டர்களையும் காரில் பொருத்தினார். தெற்கு கலிஃபோர்னியா அன்று விமானத் தொழிலின் தலைநகரம் போல இருந்தது. தொழிற்சாலைகளும் ராணுவமும் கழித்துக் கட்டிய உதிரிபாகங்கள் பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. 'எக்ஸ்-சோனிக்' என்று பெயர் பெற்ற அந்தக் கார், ஸ்விட்சைத் தட்டினால் உயரும், தட்டினால் தாழும்.

இதன் தத்துவம் எளிது. மணல் கொட்டும்போது டிப்பர் லாரி தன் தொட்டியைத் தூக்குகிறதே, அதே வேலைதான். டிக்கியில் ஒரு பம்ப், அதை இயக்க பேட்டரிகள், சக்கரத்தின் அருகே ஸ்பிரிங்கோடு சேர்த்து ஒரு சிலிண்டர். ஸ்விட்சை அழுத்தினால் பம்ப் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளும், கார் எழும். வால்வைத் திறந்தால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும், கார் தன் எடையாலேயே அமரும். விமான பம்புகள் கிடைக்காதவர்கள், லாரியின் பின்பலகையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் கருவிகளைக் கழற்றிப் பொருத்தினார்கள்.

இதே சிந்தனை கடலுக்கு அப்பால் பிரான்சிலும் இருந்தது என்பது சுவையான செய்தி. 1955-ல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ் காரில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக எண்ணெயும் வாயுவும் வேலை செய்தன. உள்ளே இருக்கும் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் கரடுமுரடான சாலைக்காகக் கார் உயரும். உலகமே அதைப் பொறியியல் சாதனை என்று கொண்டாடியது. ஆய்வுக்கூடமும் பொறியாளர்களும் கொண்ட ஒரு பெரிய நிறுவனம் செய்ததன் உறவுக்காரச் சாதனத்தைக் கலிஃபோர்னியாவில் வீட்டு வாசலில், பழைய இரும்பில் செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பட்டமோ வேறு!

1958-ல் வெளியான ஷெவர்லே இம்பாலா இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. 1964 வரை அதன் சட்டம் ஆங்கில எக்ஸ் எழுத்தைப் போல நடுவில் குறுகி இருந்தது. பக்கவாட்டில் கனமான இரும்புச் சட்டம் இல்லாததால் காரை நன்றாகத் தாழ்த்த முடிந்தது. இன்றும் லோரைடர் என்றதும் அந்த இம்பாலாதான் நினைவுக்கு வருகிறது.

போலீஸ் தூரத்தில் தெரிந்தால் ஸ்விட்ச், கார் சட்டப்படியான உயரம். பள்ளம் வந்தாலும் அதே ஸ்விட்ச். தாண்டியதும் மீண்டும் தரையோடு தரை. பின்னாளில் கார்கள் மேடைகளில் துள்ளிக் குதித்ததை மட்டும் பார்த்தவர்கள் ஹைட்ராலிக்ஸை வேடிக்கை என்று நினைக்கிறார்கள். அது பிறந்தது வேடிக்கைக்காக அல்ல.

விட்டியர் சாலை

ஞாயிறு மாலை என்றால் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் விட்டியர் பொலிவார்டு சாலையில் கார்கள் வரிசை கட்டும். 1962-ல் தொடங்கிய 'டியூக்ஸ்' போன்ற கார் சங்கங்கள் பின் கண்ணாடியில் தங்கள் பெயர்ப்பலகையோடு வரும். பல சங்கங்கள் நற்பணிகளுக்கு நிதியும் திரட்டின. ஒரு சமூகம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் திருவிழா என்று இதைச் சொல்லலாம்.

அதே சாலை துயரத்தையும் பார்த்தது. 1970 ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போரை எதிர்த்துச் சிக்கானோக்கள் நடத்திய பேரணி கலவரத்தில் முடிந்தது. விட்டியர் சாலையில் ஒரு மதுக்கடைக்குள் இருந்த பத்திரிகையாளர் ரூபன் சலசார், ஷெரிஃப் துறையைச் சேர்ந்தவர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்தார். அதன் பிறகு அந்தச் சாலையில் கார் ஓட்டுவதே ஓர் உரிமைப் பிரச்சினையாகவும் பார்க்கப்பட்டது.

1979-ல் விட்டியர் சாலையில் இந்த வார இறுதி ஊர்வலத்தை அதிகாரிகள் தடுத்து நிறுத்தினார்கள். 1980-களிலும் 90-களிலும் சான் ஹோசே, நேஷனல் சிட்டி என்று பல நகரங்கள் தடை விதித்தன. ஒரே இடத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பத் திரும்பக் கடந்தால் குற்றம்! நெரிசலும் கைகலப்பும் நடந்தது உண்மை. கடைக்காரர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் தொல்லை இருந்ததும் உண்மை. ஆனால் தொல்லை செய்தவரைப் பிடிப்பதை விட்டு, ஊர்வலத்தையே குற்றமாக்குவது வேறு விஷயம். பெட்ரோல் வரி கட்டியவர்கள் தங்கள் சாலையில் இரண்டு முறை போகக் கூடாது என்பதுதானே இதன் பொருள்?

கண்ணாடிப் பெட்டிக்குள் கார்

காலம் மாறியது. 1977-ல் சான் ஹோசேயில் தொடங்கிய 'லோரைடர்' பத்திரிகை இந்தக் கலையை உலகெங்கும் கொண்டுபோனது. அதன் அச்சுப் பதிப்பு 2019-ல் நின்றது. நியூ மெக்சிகோவின் சிமாயோ ஊரில் ஒரு குடும்பம் உருவாக்கிய 1969 ஃபோர்டு எல்டிடி கார், 'டேவ்ஸ் ட்ரீம்' என்ற பெயரில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இடம்பிடித்தது. ரோஜாப் பூக்கள் வரைந்த 'ஜிப்சி ரோஸ்' என்ற 1964 இம்பாலா, 2017-ல் வாஷிங்டனின் தேசிய வெளியில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டது. சொந்த ஊரில் அபராதம் கட்டிய கலைக்குத் தலைநகரில் மரியாதை!

2022-ல் சான் ஹோசே தன் தடையை நீக்கியது. 2023 அக்டோபரில் ஏபி 436 என்ற மசோதாவில் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் நகரங்கள் இத்தகைய ஊர்வலத்துக்குத் தடை விதிக்க முடியாது. கூடவே 24008-ஆம் பிரிவும் போய்விட்டது. காரை உரிமையாளர் தாழ்த்துவது இனி குற்றம் இல்லை.

சட்டம் போய்விட்டது. பள்ளம்?

2017-ல் கலிஃபோர்னியா சட்டமன்றம் சாலைகளைச் சீரமைப்பதற்காகப் பெட்ரோல் வரியைக் காலனுக்கு 12 சென்ட் உயர்த்தியது. பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட பழுதுபார்ப்புக்காக, ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர் திரட்டுவது திட்டம். 2018-ல் அந்த வரியை நீக்கக் கோரி மக்கள் முன் வந்த தீர்மானம் தோற்றது. சாலை நன்றாக வேண்டும் என்றால் பணம் தரத்தான் வேண்டும் என்று பெரும்பான்மை மக்களே ஒப்புக்கொண்டார்கள். விரிசலிலேயே அடைத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்பது தனிக் கதை.

உயரமான கார் வைத்திருப்பவருக்குப் பள்ளம் ஒரு குலுக்கல் மட்டுமே; அடுத்த நிமிடம் மறந்துவிடும். தாழ்ந்த கார் ஓட்டுகிறவர் தன் தெருவின் ஒவ்வொரு பள்ளத்தையும் அறிவார். எது போன மழையில் வந்தது, எது பத்து வருடமாக அப்படியே கிடக்கிறது என்று சொல்வார். தன் தெரு எப்படி இருக்கிறது என்பதை அவரைப் போல அங்குலம் அங்குலமாக அறிந்தவர் நகராட்சி அலுவலகத்தில் கூட இருப்பாரா என்பது சந்தேகம்.

சாலை நல்லவர்களுக்குத் தாழ்ந்த கார் தானாகக் கிடைத்தது. சாலை மோசமானவர்கள் அதைத் தாங்களே செய்துகொண்டார்கள், கூடவே ஒரு ஸ்விட்சையும் கண்டுபிடித்தார்கள். போலீஸுக்காக அந்த ஸ்விட்சைத் தட்ட வேண்டிய தேவை இப்போது இல்லை. பள்ளத்துக்காகத் தட்ட வேண்டிய தேவை மட்டும் இன்னும் இருக்கிறது.